ஐம்பது பேர் வரை இலவசம்

மலையைக் குடைந்து பாதை போட்டவர்கள், கடலில் பாலம் கட்டியவர்கள், வானத்தில் ராக்கெட் விட்டவர்கள், எல்லாரையும் ஒரு பக்கம் வரிசையாக நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் என் அக்காவை மட்டும் நிறுத்துங்கள். வரிசையில் இருப்பவர்கள் தாமாகவே தலை குனிவார்கள். அவர்களுக்கெல்லாம் சிமென்ட் தேவைப்பட்டது, கூலியாள் தேவைப்பட்டது. என் அக்கா சோபாவில் சாய்ந்தபடி, ஒற்றைக் கட்டைவிரலால், தன் கல்யாணத்தை முழுக்க முழுக்க ஓசியில் கட்டி எழுப்பியவள்.

இவள் தனி ஆள் இல்லை, ஓர் இனம். ஓசித் திட்டக்காரர் இனம். உங்கள் வீட்டு மாடியிலோ எதிர்வீட்டிலோ கட்டாயம் ஒருவர் இருப்பார். பல் டாக்டரிடம் நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை என் அக்காவுக்கு. ஆகவே பிறவியிலேயே அந்த இனத்துக்குத் தகுதியானவள். மனிதர்களை அவள் பார்ப்பதே இரண்டு வகையாகத்தான்: உறுதி செய்தவர்கள், உறுதி செய்யாதவர்கள்.

கல்யாணம் நிச்சயமான அன்று சாயந்திரமே போனில் ஓசிப் பட்டியல் ஒன்றை இறக்கினாள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு மாதம் முன்பு செய்ய வேண்டியவை என்று அது ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு இருந்ததோ இரண்டு மாதம். திறந்த மறுநிமிடமே நாற்பத்தொரு வேலைகள் சிவப்பாகக் கண்ணை உருட்டின. தாமதம்! தாமதம்! தாமதம்! காதலித்த நான்கு வருஷத்தில் ஒருநாளும் அழாதவள் அன்று அழுதாள்.

அப்புறம் ஓசி அழைப்பிதழ். அழகாகத்தான் வந்தது. ஆனால் ஓசி என்பதால் மாப்பிள்ளையின் முகத்துக்குக் குறுக்கே 'மாதிரி' என்று பெரிதாக முத்திரை விழுந்திருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நல்ல மனிதர் அவர். "உனக்கு ஓகேன்னா எனக்கும் ஓகே" என்பதைத் தவிர வேறு வாக்கியமே பேசியதில்லை. முத்திரையைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். இருவர் பெயரின் முதல் எழுத்தையும் பின்னி ஓசியில் ஒரு சின்னம் செய்தாள். குழாய் ரிப்பேர் கம்பெனி மாதிரி இருந்தது. ஓசி வீடியோ ஒன்றும் செய்தாள். இருவரும் கைகோத்துக் கடற்கரையில் நடக்கிறார்கள், இசை உருகுகிறது, திரை இருள்கிறது, கரப்பான்பூச்சி மருந்து விளம்பரம் வருகிறது. முடிவு நன்றாக இருந்ததாகச் சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள்.

இதெல்லாம் சும்மா தொட்டுக்கொள்ள. அசல் கூத்து விருந்தினர் பட்டியலில்.

மேஜை, நாற்காலி, யார் பக்கத்தில் யார் என்று படம் போட்டுக் கொடுக்கும் ஆப் அது. லிங்க்கைத் தட்டிப் படிவத்தை நிரப்பினால் உங்களுக்கு நாற்காலி. ஏழு நாளில் நிரப்பாவிட்டால் 'வரவில்லை' என்று அதுவே எழுதிக்கொள்ளும். ஐம்பது பேர் வரை இலவசம். ஐம்பத்தொன்றாவது ஆளுக்குச் சந்தா கட்ட வேண்டும். நான் கணக்கில் இரண்டு தடவை கவிழ்ந்தவள். எனக்கே ஐம்பதுக்கு அப்புறம் ஐம்பத்தொன்று உண்டு என்று தெரியும். அக்காவின் உலகம் ஐம்பதோடு முடிந்தது. ஒரு பேனாவை எடுத்து இன்னொரு பெயரை எழுதினால் என்ன என்கிறீர்களா? நன்றாகக் கேட்டீர்கள். பேனாவில் எழுதினால் படம் கெட்டுவிடுமாம்!

லிங்க்கைக் குடும்பத்துக்கே அனுப்பி, "எல்லாரும் பார்க்கலாம், எல்லாரும் மாத்தலாம்" என்று அறிவித்தாள். என் கையில் இப்படியொரு சாவியைக் கொடுத்துவிட்டு ஒருத்தி நிம்மதியாகத் தூங்கலாமா?

கப்பல் சித்தப்பா பிறந்தார்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர்: கப்பல் சித்தப்பா. வேலை: கப்பலில். வருகை: உறுதி. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்ற இடத்தில், 'முதல் மேஜையில் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. சூப்பில் மிளகு வேண்டாம், நடுக்கடலில் ஒருமுறை பட்டது போதும்' என்று எழுதினேன். அக்கா உருகிவிட்டாள்.

"பார்த்தியாடி, லிங்க் போட்ட பத்தாவது நிமிஷம் பதில் போட்டிருக்காரு. கப்பல்ல இருந்துகிட்டு! நம்மாளுங்களும் இருக்காங்களே!"

அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று இவள் நினைத்தாள். மாப்பிள்ளை, பெண் வீட்டார் என்று நினைத்தார். கேட்டால் அவமானம் என்று இருவரும் கேட்கவில்லை. முதல் மேஜை, ஃபேனுக்குக் கீழே, நட்சத்திரக் குறியோடு, சித்தப்பா அமர்ந்துவிட்டார்.

நான் ஒரு வாரம் சிரித்தேன். எட்டாம் நாள் அப்பா டேப்லட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பட்டியலை மேலும் கீழும் தேய்த்தார்.

"என் தங்கச்சி பேரு எங்கம்மா?"

"அத்தை படிவம் நிரப்பலப்பா. சிஸ்டமே 'வரவில்லை'ன்னு எடுத்துக்கிச்சு. இப்ப சேர்த்தா ஐம்பத்தொண்ணு ஆயிடும்."

அத்தை தையல்காரி. வைத்திருப்பது பட்டன் போன். அதில் லிங்க் வந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து வரும், அவ்வளவுதான். கவனியுங்கள், அக்காவின் கல்யாண உடையைத் தைத்துக்கொண்டிருப்பதே அந்த அத்தைதான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கத்துகிற ஆளில்லை. "முப்பது வருஷமா லிஃப்ட் பார்க்கறேன்மா. ஆள் அதிகமானா அது கத்தும். ஒருத்தர் இறங்கினாத்தான் கதவு மூடும். ஆனா யாரு இறங்கணும்னு லிஃப்ட் என்னைக்கும் சொன்னதில்ல" என்றார். டேப்லட்டை வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று மதியமே அத்தை அளவு சரிபார்க்க வந்தாள். வாயில் நாலு குண்டூசி, கழுத்தில் டேப்பு.

"மூச்சை விடுடி, கல்யாணத்தன்னைக்கு சாப்பிடணுமில்ல? ஆமா, என்னை எந்த மேஜையில போட்டிருக்கே? உங்கப்பன் பக்கத்துல போடாதே, என் தட்டுலயும் கை வைப்பான்."

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "போட்டுடலாம் அத்தை" என்றாள். அத்தை குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். அவள் போகும்போது டேப்பை மறந்துவிட்டுப் போனாள். நான் தெருமுனை வரை ஓடிப் போய்க் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து டேப்லட்டைத் திறந்தேன். சித்தப்பாவைத் தூக்கினால் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்காரும். தினமும் காலையில் அக்கா முதலில் பார்ப்பதே அவர் பெயரைத்தான். 'மணமகளின் தங்கை' என்று ஒரு வரி இருந்தது. அதைத் தூக்கினால் யார் கவனிக்கப் போகிறார்கள்? தூக்கினேன். அந்த இடத்தில் அத்தையைப் போட்டேன். ஐம்பது ஐம்பதாகவே இருந்தது. மறுநாள், "சிஸ்டமே சரி பண்ணிக்கிச்சு" என்று அக்கா எல்லாரிடமும் பெருமையடித்தாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்கு முன் உங்கள் போனைக் கொஞ்சம் எடுங்கள். ஒரு லிங்க்கைத் தட்டிவிட்டு, 'எல்லாரையும் கூப்பிட்டாச்சு' என்று கையைத் துடைத்துக்கொண்டது நீங்கள்தானே? பதில் வராதவர்களை வராதவர்கள் என்று எழுதிக்கொண்டதும் நீங்கள்தானே? இல்லை என்கிறீர்களா? சரி, உங்கள் வீட்டுத் தையல்காரியைக் கேட்டுப் பார்க்கலாம்.

கல்யாணத்தன்று எல்லாரும் உட்கார்ந்தார்கள். அத்தை அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் தண்ணீர் ஜாடியோடு, வேலை இருப்பது மாதிரி நின்றேன். முதல் மேஜையில் ஃபேனுக்குக் கீழே ஒரே ஒரு நாற்காலி காலி. அக்கா நேராக என்னிடம் வந்தாள்.

"கப்பல் எப்ப கரைக்கு வந்துச்சு?"

"எந்தக் கப்பல்?"

"போய் உட்காருங்க சித்தப்பா. அட்டை பிரின்ட் ஆயிடுச்சு, பேரை மாத்தினா காசு கேக்குறான்."

உட்கார்ந்தேன். என் முன்னால் 'கப்பல் சித்தப்பா' என்று தங்க எழுத்தில் அட்டை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "இவ்வளவு சின்ன வயசுலயே கப்பல்லயா?" என்று கை குலுக்கிவிட்டுப் போனார். சூப் வந்தது. அக்கா என் காதருகே குனிந்தாள்.

"யாரு எந்தப் பேரைச் சேர்த்தா, யாரு எந்தப் பேரை எடுத்தா, எல்லாம் அந்த ஆப்புல வரிசையா இருக்கும்டி. அதுவும் ஓசிதான்." என் முன்னாலிருந்த அட்டையை நேராக நிமிர்த்தி வைத்தாள். "ஏன்டி உன் பேரை எடுத்தே?"

பதிலாக ஒரு கரண்டி சூப்பை வாயில் போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகின் மேல் பழி போடலாமென்றால், அந்தச் சூப்பில் மிளகே இல்லை.