ஞாயிறும் கதிரை நானாவும்

கற்பிட்டியில் எங்கள் அங்கிலிக்கன் சபை கூரை இல்லாமல் இருந்திருக்கிறது. குருவானவர் இல்லாமலும் இருந்திருக்கிறது. கதிரை நானா இல்லாமல் ஒரு ஞாயிறுகூட இருந்ததில்லை.

வன்னியிலிருந்து வந்து குடியேறிய இருபது குடும்பங்கள் நாங்கள். சொந்தக் கோயில் கிடையாது. கொஞ்சக் காலம் மீன் காயப்போடும் வாடி, கொஞ்சக் காலம் மூடிக் கிடந்த சாப்பாட்டுக் கடை, பிறகு டியூட்டரி மண்டபம் என்று ஆராதனை இடம் மாறிக்கொண்டே இருந்தது. எங்கே போனாலும் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, பிளாஸ்டிக் கதிரைகளை வரிசையாக வைத்துவிட்டு வாசலில் நிற்பவர் நானா. கலியாண வீடுகளுக்குக் கதிரை வாடகைக்கு விடுவது அவர் தொழில். பள்ளிவாசலில் முன்வரிசைக்காரர். எங்கள் ஆராதனைக்குள் அவர் கால் வைத்ததில்லை. ஆனால் கதிரையில் யார் சாய்ந்து ஆடுகிறார்கள் என்று வாசலிலிருந்து காவல் காத்தே எங்கள் ஆராதனை முறை முழுவதையும் பாடமாக்கிவிட்டார்.

ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த என் மச்சான், சுவிசேஷ வாசிப்பின்போது காலுக்குமேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, எழும்புங்க! சுவிசேஷம் வாசிக்கிறாங்க, வெளங்கல்லயா?" என்று வாசலிலிருந்து அதட்டல் வந்தது.

மச்சான் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. அதற்குத் தனியாக ஏச்சு வாங்கினார்.

பிரசங்கத்துக்கும் நானாவிடம் ஓர் அளவு உண்டு. நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் கதிரைகளை லொறியில் ஏற்றிவிட வேண்டும். நேரம் நெருங்கினால், பின்னால் ஆள் இல்லாத கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்குவார். மூன்றாவது கதிரைச் சத்தத்தில் குருவானவர் ஆமென் சொல்லிவிடுவார். இதற்காகவே நானாவை வாழ்த்தாத வீடு எங்கள் சபையில் இல்லை.

ஒரே ஒரு கிறுக்கு. கதிரைகளை அடுக்கி வைக்கும் ஸ்டோருக்குள் ஒருவரையும் விடமாட்டார். பெண்சாதிகூட வாசலில் நின்றுதான் தேத்தண்ணீரை நீட்டுவார்.

அந்த வருடம் ஆயர் வந்து ஒன்பது பிள்ளைகளின் தலையில் கைவைத்து, சபையின் முழு அங்கத்தவர்களாகத் திடப்படுத்துவதாக இருந்தது. என் மகளும் அதில் ஒருத்தி. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனதில் அவளுடைய வெள்ளைச் சட்டையை இரண்டு முறை இறக்கித் தைத்திருந்தேன். இனி இறக்கத் துணி இல்லை. அன்று காலை போனால், டியூட்டரி மண்டபத்தில் பரீட்சை வகுப்பு நடக்கிறது. எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார்களாம். ஆயரோ வழியில் பாலாவியைத் தாண்டிவிட்டார். பந்தல் போடலாமென்றால் சோளகக் காற்று. போட்ட பந்தலை இந்தியாவில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். மகள் அழத் தொடங்கினாள்.

"நானா, இந்த முறையும் இல்லையெண்டால் பிள்ளை தாங்கமாட்டாள்," என்றேன்.

நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே மகளைப் பார்த்தார்.

"அழ வாணாம் தங்கச்சி. எல்லாரும் ஸ்டோருக்கு வாங்க."

அரை மணித்தியாலத்தில் எங்களுக்கு வேண்டிய கதிரைகள் ஸ்டோருக்குள் வரிசையாக நின்றன, மிச்சம் முழுவதும் வெளியே வந்தன. அவர் வீட்டு விறாந்தை, குசினி, அறை என்று எங்கும் கதிரை.

"கட்டில்லயும் கதிரையா? நான் எங்க படுக்கிற?" என்று பெண்சாதி கத்தினார்.

"உக்காருங்களேன், ஐநூறு கதிரை ஈக்கிது!" என்றார் நானா.

ஆயரின் பிரசங்கம் நீண்டது. லுஹர் நேரமும் வந்தது. எல்லோரும் கதிரைச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். நானா மெதுவாக என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, ஸ்டோர் சாவியை என் கையில் வைத்தார்.

"அவரு ஆறுதலாப் பேசட்டும். முடிஞ்சதும் பூட்டுங்க. நான் தொழுதுட்டு வாறன்."

ஆராதனை முடிந்து சான்றிதழ் எழுதும்போது, "இந்த இடத்துக்கு என்ன பேர்?" என்று ஆயர் கேட்டார். என் மகள்தான் சொன்னாள்.

"கதிரை நானாட ஸ்டோர்."

ஆயர் சிரிக்கவில்லை. அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தார்.

நாளைக்கு எங்களுக்கு எத்தனை பெரிய கோயில் கட்டினாலும், என் பிள்ளைக்குக் கதவு திறந்த இடம் அதுதான். நானா, நீங்கள் நல்லா இருக்க வேண்டும்.