எல்லா வண்டியும் அப்படித்தான்

'அப்படித்தான்' ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. ஐம்பது அறுபது வயதான திறந்த கார்களோடு, இருவருக்கு மேல் உட்கார முடியாத அந்தக் கார்களோடு, ஞாயிறு காலைகளில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மதுக்கடை முற்றங்களில் நாங்கள் கூடும்போது, பிளாஸ்க் மூடியில் தேநீரை ஏந்திக்கொண்டு, முழங்கையை அடுத்தவர் வண்டிமேல் ஊன்றிக்கொண்டு, கேள்வி முடியுமுன்பே பதிலோடு ஒருவர் நிற்பாரே, அவரேதான். எங்கள் சங்கத்தில் அவர் பெயர் நெவில் ஆட்கின். முப்பது ஆண்டு அனுபவம். முப்பது ஆண்டும் ஒரே பதில்.

பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? எல்லா வண்டியும் அப்படித்தான். பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரத்தடியில் யாரோ சுத்தியலால் தட்டுகிறார்களா? அப்படித்தான். நேர்சாலையில் வண்டி தானாக வேலிப்பக்கம் போகிறதா? அது வண்டியின் சுபாவம். குனிந்து பார்ப்பாரா? மாட்டார். எல்லா வண்டிகளையும் அறிந்தவர் ஒரு வண்டியை ஏன் பார்க்க வேண்டும்?

போன மாதம் அவரிடம் மாட்டியவர், அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் மொய்ரா டான்ஸ்லி. அடுத்த ஞாயிறு சங்கத்தின் மலைப் பயணம். செங்குத்தான இறக்கம். பக்கத்து இருக்கையில் மொய்ராவின் தங்கை வருவதாக ஏற்பாடு.

"நெவில், இடது பக்கம் டக்கு டக்குனு சத்தம் வருது. இறக்கத்த நெனச்சா பயமா இருக்கு."

"அட, எல்லா வண்டியும் அப்படித்தாம்மா. ரேடியோவ சத்தமா வெச்சுக்கோங்க."

"என் வண்டில ரேடியோ இல்லையே."

"பாத்தீங்களா, அதான் கேக்குது."

மொய்ரா நேராகத் தன் வண்டிக்குப் போனார். ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கினார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. என்னை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். சக்கரம் சுழலும் பேரிங் தேய்ந்திருந்தால் அப்போது ஆட்டம் நின்றிருக்கும். நிற்கவில்லை. சக்கரம் எதைப் பற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங்பின்னும் அதைச் சுற்றியிருக்கும் உறைகளான புஷ்களும்தான் தேய்ந்திருந்தன. ஒரு வாரத்துக்குள் மாற்றிவிட்டார்.

மலையடிவாரத்துக்கு மொய்ராவும் தங்கையும் பேசிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். இருபது நிமிடம் கழித்து வெளுத்த முகத்தோடு நெவில் வந்தார்.

"என்ன நெவில், இவ்ளோ நேரம்?" என்று கேட்டார் மொய்ரா.

"ஸ்டீயரிங் கொஞ்சம் ஆடுச்சு. எல்லா வண்டியும் அப்படித்..."

"என்னோடது ஆடலையே."

'எல்லாம்' என்ற சொல்லைச் சாய்க்க எதிராக ஒன்றே ஒன்று போதும் என்று தர்க்கம் படித்தவர்கள் சொல்வார்கள். நெவில் தர்க்கம் படித்தவரல்ல. மொய்ராவின் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். வாழ்நாளில் முதன்முறையாகக் குனிந்தும் பார்த்தார். பிறகு உண்மையான கவலையோடு சொன்னார்:

"அப்போ உங்க வண்டிலதாம்மா ஏதோ கோளாறு. எதுக்கும் ஒரு தடவ காட்டிடுங்க."

சிரிக்கிறீர்கள். நல்லது. படியேறும்போது முழங்காலில் டக்கு டக்கென்று சத்தம் வருகிறது என்று நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் சொன்னாரே, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?