கதவைத் திறந்துவிட்ட அம்மாள்

அன்பையும் அதட்டலையும் ஒரே தபாலில் அனுப்பும் அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அவர்களைக் கேட்டால் என்னால்தான் நலமில்லை என்பார்கள். அங்கே அத்தானும் அவருடைய கோபமும் சௌக்கியமாக இருக்கும் என நம்புகிறேன்.

நான் பக்தி முற்றிப்போய் வீடு வீடாகக் கதவு தட்டுகிறேன் என்று யாரோ உன்னிடம் வத்தி வைத்திருக்கிறார்கள். தட்டியது உண்மை, பக்தி என்பது அபாண்டம். அச்சகத்தை மூடியபின் வீட்டிலேயே உட்கார்ந்து, அடுப்பின் தீயிலிருந்து அலமாரியின் தூசிவரை மூக்கை நுழைத்தேன். உன் தம்பி பெண்டாட்டி, "சனிக்கிழமையாவது எங்கயாவது போங்க, எங்க போறீங்கன்னு கேக்கவே மாட்டேன்" என்றாள். அந்த நேரம் பார்த்து, வீடு வீடாகக் கடவுளைப் பற்றிப் பேசிப் பிரசுரம் கொடுக்கும் சபைக்காரர்கள் வாசலில் வந்து நிற்க, அவர்களோடே கிளம்பிவிட்டேன். கூடப் போனபிறகுதான் தெரிந்தது, எங்களில் ஒருவரும் கடவுளுக்காக மட்டும் வரவில்லை. என்னோடு வரும் இருவரில், தையற்காரருக்கு அடுத்தவர் வீட்டுத் திரைச்சீலையைப் பார்க்க வேண்டும். இன்னொருவரான கணக்கர் வாயைத் திறந்தால் அவர் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். வாசலிலோ, கதவு சாத்தும்வரையாவது ஒருவர் கேட்கிறார். எனக்கு நடக்க ஒரு கௌரவமான காரணம் வேண்டும். சும்மா நடந்தால் வேலையற்றவன். கையில் பிரசுரம் இருந்தால் தொண்டன்.

எங்களுக்குக் கொடுத்த பயிற்சியெல்லாம் சாத்துகிற கதவுக்குத்தான்: எப்படிச் சிரிப்பது, நாய் வந்தால் யார் முதலில் ஓடுவது. போன வாரம் மாடிக் குடியிருப்பின் கடைசி வீட்டு அம்மாள் கதவை முழுக்கத் திறந்து, "உள்ள வாங்க, ஒண்ணு கேக்கணும்" என்றார். மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். சோபாவில் உறைபோட்ட தலையணைகளைப்போல வரிசையாக உட்கார்ந்தோம்.

"எங்க வீட்டுக்காரர் போன மாசம் போயிட்டாரு. இப்ப எங்க இருக்காரு?"

தையற்காரர் திரைச்சீலையைப் பார்த்தார். கணக்கர் தன் கால்விரல்களைப் பார்த்தார். என் பாழாய்ப்போன வாய், "தெரியலம்மா" என்றது.

"இதுவரைக்கும் வந்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு" என்று என்னையே பார்த்தார் அந்த அம்மாள். "அடுத்த வாரமும் வருவீங்கதானே?"

அது பாராட்டா ஏச்சா என்று இன்னும் விளங்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை அக்கா. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்து உட்காருகிறேன். நம்பிக்கை இல்லாதவன் அந்த வீட்டில் போய் உட்கார்வது பித்தலாட்டம். போகாவிட்டால் அந்த அம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கணக்கர், "விடுங்க சார், வேற தெருவுக்குப் போயிடுவோம்" என்கிறார். அவருக்கு எல்லாத் தெருவும் ஒன்று. யோசித்து யோசித்து, இனி ஒரு கதவையும் தட்டுவதில்லை என்று முடிவெடுத்து, பிரசுரக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் தம்பி திருந்திவிட்டான் என்று அத்தானிடம் தாராளமாகச் சொல்.

குழந்தைகளுக்கு ஆசி, அத்தானுக்கு மரியாதை, உனக்கு வணக்கம், சண்டையில்லாமல் பிரித்துக்கொள்ளவும்.

தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அழைப்பு மணி அடித்தது. அதே அம்மாள். கையில் வேறொரு சபையின் பிரசுரக் கட்டு, துணைக்கு யாருமில்லை. யார் வீடென்று தெரியாமல் வந்திருக்கிறார். "நம்பிட்டீங்களாம்மா?" என்றேன். "இல்லீங்க. வீட்ல உக்கார முடியல" என்றார். பின்னாலிருந்து உன் தம்பி பெண்டாட்டி, "தனியாவா சுத்துறீங்க? இருங்க, நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். மூவரும் கிளம்புகிறோம், பிரசுரக் கட்டைத் தூக்குவது நான். சபை மாறிய விஷயம் மட்டும் அத்தானுக்குத் தெரிய வேண்டாம்.