வெற்றிப் பாலம் ஆகிவிட்ட என் வாசல் கதவு

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. என் வீட்டு வாசல் கதவைப் படைக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய் வாய்க்கால்மேல் போட்டுப் பாலம் ஆக்கிவிட்டார்கள். கதவு இல்லாத என் வீட்டை அரசாங்கம் சந்து ஆக்கிவிட்டது. சந்தில் குடித்தனம் நடத்த முடியாது என்று உன் அக்கா, எங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நீ சாலைத் துறையில் இருக்கிறாய். ஆகவே இது உன் பொறுப்பு. இதைச் சொல்லிவிட்ட பிறகு நலம் விசாரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீயும் உன் மனைவியும் சுகமா? உன் முதுகுவலி தேவலையா?

பழைய அரசாங்கத்தின் படை ஊரைவிட்டுப் பின்வாங்கிய அன்று நாலு பேர் வந்து என் புழக்கடைக் கதவைக் கழற்றினார்கள். காயம்பட்ட சார்ஜெண்டைத் தூக்கிப் போக வேண்டுமாம். அந்தச் சார்ஜெண்டே பக்கத்தில் நின்று ஆணி பிடுங்க ஒத்தாசை செய்துகொண்டிருந்தார். கணுக்காலில் சுளுக்கு. நான் தடுக்கவில்லை. ரசீது கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். உனக்கே தெரியும், நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம். மீதிப் படிப்பெல்லாம் நான் வேலை பார்த்த மரக்கடைக்கு எதிரே இருந்த அரசாங்க அறிவிப்புப் பலகையில் நின்றுகொண்டே படித்தது. அதில் படித்ததை நான் மறக்கிறதில்லை. குடிமகனின் பொருளை எடுத்தால் ரசீது தர வேண்டும். 'ஸ்ட்ரெச்சர் ஒன்று' என்று எழுதிக் கொடுத்தார்கள். மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் புதிய அரசாங்கத்தின் படை வந்தது. போனவர்கள் வாய்க்கால் பாலத்தை உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தளபதிக்கு பூட்ஸ் நனையக் கூடாது. கரையிலிருந்து பார்த்தால் முதலில் தெரிகிற வீடு நம்முடையது, முதலில் தெரிகிற கதவும் நம்முடையது. ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், இரண்டு அங்குலக் கனம். மரக்கடையில் முப்பத்தொரு வருஷம் பலகை அளந்த நான் என் கையால் பொறுக்கிய மரம். சாயங்காலம் கொண்டுவந்து மாட்டிவிடுகிறோம் என்றார்கள். "அதான் தர்றேன்றாங்களே, குடுத்துத் தொலைங்களேன்" என்றாள் உன் அக்கா. ரசீது இல்லாமல் நான் வாசல் நிலையை விட்டு நகர மாட்டேன் என்று இரண்டு கையையும் விரித்து நின்றேன். தளபதி கரையில் காத்திருந்தார். கடைசியில் படைக் குமாஸ்தா ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"பெரியவரே, ரசீது குடுக்கிற சாமானெல்லாம் இதுல அச்சடிச்சிருக்கு. படகு இருக்கு, பாலம் இருக்கு, கழுதை இருக்கு. கதவு இல்ல. எதுன்னு எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

அத்தனை அழகான மரத்தைக் கழுதை என்று எழுத மனம் வரவில்லை. பாலம் என்று எழுதச் சொன்னேன்.

இதைத்தான் உன் அக்கா வீட்டை விட்டுப் போகிறவரை சொல்லிக் காட்டினாள். சாயங்காலம் இரண்டு சிப்பாய்கள் கதவைத் திருப்பிக் கொண்டுவரத்தான் கிளம்பினார்களாம். குமாஸ்தா தடுத்துவிட்டார். பதிவேட்டில் பாலம் என்று ஏறியிருக்கிறது, பாலத்தை யாரும் வீட்டில் கொண்டுபோய் மாட்டுவதில்லை. அதற்குள் தளபதி அதன்மேல் நின்று பிரசங்கமும் செய்துவிட்டார். இப்போது அதற்கு வெற்றிப் பாலம் என்று பெயர், இரண்டு பக்கமும் கைப்பிடி, ஒரு காவலாள். நான் இரண்டு ரசீதையும் எடுத்துக்கொண்டு பொருள் மீட்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "தனி மனுஷனுக்கு வீட்டுல எதுக்குய்யா பாலம்? ஸ்ட்ரெச்சர் வேற வச்சிருந்திருக்கீங்க" என்றார். என் பேரில் ஒரு கோப்பு திறந்தார்கள். கதவைக் கேட்கப் போனவனை, அனுமதி இல்லாமல் பாலம் வைத்திருந்தவன் என்று எழுதிக்கொண்டார்கள்.

கோப்பு திறந்தால் ஆள் வரும் அல்லவா? நில அளவைக்காரர் வந்தார். வாசல் வழியாக நுழைந்து சங்கிலியை இழுத்துக்கொண்டே கூடம், சமையலறை, புழக்கடை என்று போய்ப் பின்தெருவில் வெளியே வந்தார். இரண்டு தெருவை இணைத்து இரண்டு முனையும் திறந்திருந்தால் அது சந்து. புதிய சட்டம் அப்படிச் சொல்கிறதாம். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கட்டில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அதையும் குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் கூடத்தில் விளக்குக் கம்பம் நட்டார்கள். சரி, போகிறது, புதுக் கதவாவது போட்டுக்கொள்ளலாம் என்று தச்சரைக் கூப்பிட்டேன். பொது வழியை மறித்தால் மறித்தவனோடு தச்சனும் உள்ளே போக வேண்டும் என்று சொல்லி, உளியைப் பையில் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்குள்ளேயே குறுக்கு வழியாகப் போய்விட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, குறுக்கு வழி நல்ல வழிதான். முன்தெருக்காரர்கள் தபால் ஆபீசுக்கு அரை மைல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது என் சமையலறை வழியாக நாலு நிமிஷம். காய்கறி வண்டிக்காரர் கூடத்தில் நின்று கூவுகிறார். எதிர்வீட்டு மூக்குப்பொடிக்காரர் தினம் மூன்று தடவை வேண்டுமென்றே வருகிறார். "அடுப்புக்கு இடதுபக்கமா போகணுமா, வலதுபக்கமாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். புழக்கடைக் குழாயில் நான் குளிக்கும்போது தெரியாதவர்கள்கூட முதுகு தேய்க்க ஆள் வேண்டுமா என்று விசாரிக்கிறார்கள்.

தபால்காரர் கதை தனி. வீட்டு எண் பதினாலும் கடிதம் போடுகிற துளையும் கதவில்தானே இருந்தன? அவர் நேர்மையான மனிதர். எண் பதினாலு எங்கே இருக்கிறதோ அங்கேதான் போடுவேன் என்று, பாலத்தில் குனிந்து, துளை வழியாகக் கடிதத்தைப் போடுகிறார். எல்லாம் நேரே வாய்க்காலுக்குள். போன மாதம் நீ ஏதாவது எழுதியிருந்தால் அதைத் தவளைகள் படித்திருக்கும்.

உன் அக்கா இதெல்லாம் பொறுத்தாள். பொறுக்காத நாள் போன வாரம் வியாழக்கிழமை. தலை வாரிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் குடையோடு எதிரே வந்து நின்று, ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார். நிதானமாக வழி சொல்லி அனுப்பினாள். அப்புறம் சீப்பைக் கீழே வைத்துவிட்டு டிரங்குப் பெட்டியை எடுத்தாள்.

"நாப்பது வருஷம் உங்க பொண்டாட்டியா இருந்துட்டேன். முச்சந்தியா இருக்க என்னால முடியாது. கதவு மாட்டின அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க" என்றாள்.

அவள் போய் ஒன்பது நாள் ஆகிறது. சந்தில் இத்தனை பேர் போகிறார்கள், ஒருவராவது சாப்பிட்டாயா என்று கேட்கிறதில்லை. ஆகையால் நீ உடனே என் வீட்டைச் சந்துப் பதிவேட்டிலிருந்து அடிக்க வேண்டும். தளபதி என் கதவைத் தர வேண்டும். குமாஸ்தா பாலம் என்பதைத் திருத்தி, வேண்டுமானால் கழுதை என்றே எழுதிக்கொள்ளட்டும். இனி எனக்கு ஆட்சேபணை இல்லை. நீயும் உன் குடும்பமும் எல்லாக் கதவுகளோடும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. தாள் நல்ல தாள், கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். இன்று காலை ஒலிபெருக்கி கட்டிய வண்டி என் கூடத்தின் வழியாகப் போனது. கதவு உள்ள வீடு ஒவ்வொன்றும் ஆறு சிப்பாய்களுக்கு இடமும் சாப்பாடும் தர வேண்டுமாம், சந்துகளுக்கு விலக்கு. மூக்குப்பொடிக்காரர் வீட்டில் ஆறு பேரோடு ஊதுகுழல்காரர் ஒருவரும் இறங்கியிருக்கிறார். வீட்டுக்காரரோ தன் கதவைக் கையாலேயே பிடுங்கிக்கொண்டிருக்கிறார். மத்தியானம் உன் அக்கா டிரங்குப் பெட்டியோடு பின்தெரு வழியாக வந்தாள். மகள் வீட்டுக்கும் ஆறு பேர் வந்துவிட்டார்களாம். கம்பத்தடியில் பெட்டியை வைத்துவிட்டு, "சந்தாவே இருக்கட்டும்" என்றாள்.

எனவே நீ செய்ய வேண்டியது: பதிவேட்டில் எங்கள் சந்தை அழியாத மையில் எழுதுவது. தளபதி செய்ய வேண்டியது: கதவை அங்கேயே ஆணி அடித்து வைப்பது. தபால்காரர் செய்ய வேண்டியது: கம்பத்தில் ஒரு பெட்டி தொங்கவிடுவது. தச்சர் செய்ய வேண்டியது: எங்கள் பக்கம் உளியோடு வராமல் இருப்பது. உன் அக்கா செய்ய வேண்டியது: ஒன்றுமில்லை, வந்துவிட்டாள். நான் செய்ய வேண்டியது: குளிக்கும்போது சத்தமாகப் பாடுவது, வருகிறவர்கள் சற்று நின்று வரட்டும்.