நான் பயந்தவன் என்று சாட்சி சொல்ல வா

மேல்மலையனூரில் டீக்கடை நடத்திவரும் என் மைத்துனன் கன்னியப்பனுக்கு, செஞ்சியிலிருந்து மாமா தனகோட்டி எழுதுவது. இங்கே உன் அக்கா சாமுண்டீஸ்வரி நலம், மாடு நலம். நான் மட்டும் விசாரணையில் இருக்கிறேன்.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிக்காரர் என்று ஊரில் பெயர் வாங்கிய நான் இன்றுவரை துப்பாக்கியால் ஒரு தடவைகூடச் சுட்டதே இல்லை. எதிர்வீட்டில் லட்சுமி வெடி வெடித்தாலே உன் அக்கா என்னைக் கட்டிலுக்கடியில்தான் தேடுவாள். நைனா காலமானபின் அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எழுதிக்கொடுத்து என் பேருக்கு லைசென்ஸ் வாங்கினேன். தோளில் அது தொங்கினால் பயிர் இருக்கும் கொல்லைக்குத் தைரியமாகப் போவேன், அவ்வளவுதான் உபயோகம்.

தேர்தல் வந்ததும் வழக்கம்போல அதை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். அது அங்கே இருக்கும்போதே லைசென்ஸ் முடிந்துவிட்டது. புதுப்பித்தால்தான் துப்பாக்கி திரும்பி வரும். புதுப்பிக்க வேண்டுமானால் மனுதாரர் எப்படிப்பட்ட ஆள் என்று போலீஸ் விசாரிக்கவேண்டும். ஏட்டு எழிலரசன் வந்தார். நல்ல மனுஷர், மோர்கூட வாங்கிக் குடித்தார். அந்த நேரம் பார்த்து நீ பைக்கில் வந்து இறங்கினாய்.

"இவரு ஆளு எப்படிங்க?" என்று அவர் உன்னைக் கேட்டார். அக்கா புருஷனுக்குக் கௌரவம் சேர்க்கிறேன் என்று நீ வாயைத் திறந்தாய்.

"எங்க மாமாவா? இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க! கோவம் வந்துட்டா எதுர்ல யாருன்னே பாக்கமாட்டாரு. இவரு பேர சொன்னா செஞ்சியே நடுங்கும் சார்!"

நான் உன் காலை மிதித்தேன்.

"பாத்தீங்களா சார், இப்பவே கோவம் வந்துட்டுது!"

ஏட்டு மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். மனுதாரரால் பொது அமைதிக்குப் பங்கம் நேரலாம் என்று அவர் அறிக்கை மேலே போய், லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு இப்போது எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஸ்டேஷனுக்கு ஓடினேன். "சார், நான் கோழி அறுக்கிறதக்கூட பாக்கமாட்டேன் சார்" என்று கெஞ்சினேன். "அத நீங்களே சொன்னா எப்படிங்க? அன்னிக்கு சொன்ன ஆள கூட்டியாங்க, அவரு வாயால மாத்திச் சொல்லட்டும்" என்றார் ஏட்டு.

மலையடிக் கொல்லையில் மல்லாட்டைச் செடியில் கடலை முற்றி நிற்கிறது. காட்டுப்பன்றி ஒருமுறை இறங்கினால் போதும், ஒரு வருஷத்துச் சோறு மண்ணோடு போய்விடும். துப்பாக்கி இல்லாமல் நான் அந்தப் பக்கம் போவதில்லை. உன் அக்காதான் போய்வருகிறாள். ஆகவே திங்கட்கிழமை தவறாமல் வந்து, என் மாமா ஒரு கோழை, தொடைநடுங்கி, பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று ஸ்டேஷனில் உரக்கச் சொல்லிவிட்டுப் போ. கூட்டம் இருந்தாலும் கூச்சப்படாதே. போனில் சொல்லியிருக்கலாம்தான், நீ ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவன், கோயிலுக்கு வரும் அமாவாசைக் கூட்டம் பூராவும் என் வீரத்தைத் தெரிந்துகொள்ளும்.

உன் கடையில் பால் திரியாமல், சிலிண்டர் தீராமல் அங்காளம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
செஞ்சியை நடுங்கவைக்கும் உன் மாமா,
தனகோட்டி

பி.கு.: கவரை ஒட்டப் பசை கேட்டபோதுதான் உன் அக்கா சொல்கிறாள். துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போன அந்த வாரமே, தன் பழைய சேலைகளைக் கொல்லையைச் சுற்றி வேலியாகக் கட்டிவிட்டாளாம். துப்பாக்கி இருந்த காலத்தில் வந்துகொண்டிருந்த பன்றிகள் அன்றிலிருந்து வரவே இல்லையாம்.