நின்ற வண்டியைத் தாண்டாதே

ஊவா மாகாணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கிய காரணத்தால் மிக அதிக தூரம் நடந்தவர் யார் என்று கேட்டால், பெல்ட் நானா என்று யோசிக்காமல் சொல்வேன். வண்டி வாங்குவதற்கு முன் அவர் பதுளைக் கடைவீதியைத் தாண்டி நடந்ததே இல்லை. வாங்கிய பிறகு பசறைக்கு நடந்தார், பண்டாரவளைக்கு நடந்தார், ஒருமுறை மடுல்சீமைக்கே நடந்தார். எல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு.

அந்தக் காலத்து வண்டி அப்படி. கியர் கிடையாது, உதைத்துக் கிளப்பும் மிதியும் கிடையாது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல் பெல்ட் ஓடும். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் இருமத் தொடங்கியதும் தாவி ஏற வேண்டும். ஏற்றத்தில் பெல்ட் வழுக்கும். மழையில் வழுக்கும். மழையும் ஏற்றமும் இல்லாத இடத்தில், மனம் சரியில்லை என்றால் வழுக்கும். அதற்காக நானா ஒரு மாற்று பெல்ட்டைத் தோளில் குறுக்காக மாட்டியிருப்பார். அவருடைய துணிக்கடையில் பட்டு வாங்க வந்த மணப்பெண்கள்கூட அந்தக் கோலத்தில்தான் அவரைப் பார்த்திருக்கிறார்கள். நானா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன்; பெல்ட் தோளிலிருந்து வந்தது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை நான் கேள்விப்பட்டதில்லை.

பதுளையில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் சங்கத்தை உண்டாக்கியவர் அவர். தலைவரும் அவர். செயலாளர் நான். என்னிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்ததால் சட்டதிட்டம் எழுதத் தெரியும். சங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நானாவின் பின்கேரியரில் ஒரு தலையணையைக் கட்டி அதை என் அலுவலக ஆசனமாக ஒதுக்கியிருந்தார்கள்.

சட்டதிட்டங்களில் நானா தானாகச் சொல்லி எழுதவைத்தது ஒன்றே ஒன்று: "நின்ற வண்டியை யாரும் தாண்டக் கூடாது." சங்கமாகக் கிளம்பினால் ஒரு வண்டி நின்ற இடத்தில் எல்லா வண்டியும் நிற்க வேண்டும். எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். எல்லாமே பெல்ட் வண்டிகள் என்பதால் வளைவுக்கு ஒன்று நிற்கும். காலையில் பசறைக்குக் கிளம்பினால் பொழுது சாயும்போது சேர்வோம். வழியெல்லாம் தள்ளுவதும் கதைப்பதும்தான். ஒரு கதையைப் பதுளையில் தொடங்கி, எல்லாரும் கேட்கும்படி பசறையில் முடிக்க நானாவால் முடியும். உண்மையில் அது மோட்டார் சைக்கிள் சங்கமே அல்ல. தள்ளுவோர் சங்கம்.

நானா சொல்லாமல் நானாக எழுதிய விதி ஒன்றும் இருந்தது. உறுப்பினர் தொகை ஆறுக்குக் கீழே போனால் சங்கம் கலைந்ததாகக் கருதப்படும். விதி எழுதும் வயதில் யாருக்கும் முதுகு வலிப்பதில்லை. சில வருஷங்களில் ஒருவர் கார் வாங்கினார், ஒருவருக்கு இடுப்பு பிடித்தது, ஒருவரை மனைவி தடுத்தார். ஆண்டுக் கூட்டத்துக்குள் இளைஞர்கள் சேராவிட்டால் சங்கம் இல்லை என்ற நிலை வந்தபோது, அதை முறைப்படி நானாவுக்கு அறிவித்தேன். அவர் வேட்டைக்குக் கிளம்பினார்.

கடைக்கு வரும் எந்த இளைஞனும் தப்பவில்லை. "தம்பி, வண்டி ஈக்கா? இல்லாட்டி எப்ப வாங்கப் போறீங்க?" சாரத்துக்கு விலை கேட்டவனிடம் ஏற்றத்தில் வழுக்காமலிருக்க பெல்ட்டுக்குக் குங்கிலியப்பொடி தூவும் முறையை விளக்குவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவிக் காதில் என்னவோ சொன்னார். ஆசீர்வாதம் என்று நினைத்தோம். மாப்பிள்ளை பிறகு என்னிடம் வந்து, "சங்கத்துல சேர மனைவியோட சம்மதம் வேணுமா?" என்று கேட்டார்.

பிறகு கடைவீதியில் ஒரு செயல்விளக்கம். இளைஞர்கள் திரண்டிருந்தார்கள். நானா கோட்டும் சாரமும் துருக்கித் தொப்பியுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். எஞ்சின் இருமியது. தாவினார். இடுப்பில் கட்டிய சாரம் தாவ விடவில்லை. வண்டி மட்டும் போனது. ஆள் ஏறியிருந்தபோது அது அவ்வளவு நேராகப் போய் நான் பார்த்ததில்லை. காய்கறிக் கடையின் கூடைகளுக்குள் புகுந்து நின்றது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "நானா, வண்டி வந்திருச்சு. நீங்க எப்ப வருவீங்க?" என்று கேட்டார். செயல்விளக்கம் எதிர்பார்த்ததைவிட விரைவாக முடிந்தது என்று அறிக்கையில் எழுதினேன்.

ஆச்சரியம், ஆள் கிடைத்தது. மடுல்சீமைத் தோட்டம் ஒன்றில் மருந்துக்காரராக இருந்த செல்லையா என்ற இளைஞர் நண்பர்கள் நால்வரோடு வந்தார். எல்லாரிடமும் சங்கிலியும் கியரும் உள்ள புது வண்டிகள். ஏற்றத்தில் ஆடு போல ஏறும்.

"சேர்றோங்க நானா," என்றார் செல்லையா. "ஆனா ஒண்ணு. அந்த நிக்கிற சட்டத்த எடுத்துருங்க. எங்க வண்டி நிக்காதுங்க. நிக்காத வண்டிய எதுக்கு நிப்பாட்டணும்?"

நானா தோளிலிருந்த பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "கிளாக்கர் தம்பி, அத வெட்டுங்க," என்றார்.

"அப்படி வெட்ட முடியாது நானா. திருத்தத்துக்கு முன்னறிவித்தல் வேணும். பிறகு மூன்றில் இரண்டு பங்கு..."

"வெட்டுங்க தம்பி."

வெட்டினேன். வீட்டுக்கு நடக்கும்போது அவர் முகத்தில் கவலையே இல்லை. "சட்டம் இல்லாட்டி என்ன? ஒரு ஆள் வழியில நிண்டா, மனிசன் பாத்துட்டுப் போவானா? அது சும்மா எழுதி வெச்சது," என்றார்.

அடுத்த ஞாயிறு பசறைக்குக் கிளம்பினோம். மிஞ்சியிருந்த மூத்தவர்கள், எல்லாருக்கும் இனிப்பாக வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு, காரில் முன்னதாகவே போய்விட்டார்கள். தூறல். ஊர் எல்லை தாண்டி மூன்றாவது வளைவில் பெல்ட் வழுக்கி, பிறகு அறுந்தது. இறங்கினோம். செல்லையாவும் நண்பர்களும் கையசைத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். கெட்ட பிள்ளைகள் அல்ல. நானாவும் கையசைத்தார். அவர்கள் வளைவுக்கு அந்தப் பக்கம் நிறுத்துவார்கள் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது.

மாற்று பெல்ட் மழையில் ஊறிப் பிடிக்கவில்லை. தள்ளினோம். நானா ஒரு கதையைத் தொடங்கினார். ஒவ்வொரு வளைவு வந்ததும் கதையை நிறுத்திக் காது கொடுத்தார். தேயிலை மலையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. ஐந்தாறு வளைவுகளுக்குப் பிறகு கதை எங்கே நின்றது என்பதை அவர் மறந்துவிட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். "பெரிய கதை இல்ல, விடுங்க," என்றார். அவர் ஒரு கதையைப் பாதியில் விட்டது அன்றுதான்.

கடைசியில் எங்களைக் கண்டு நின்றது ஒரு மாட்டுவண்டி. சங்கத் தலைவரும் செயலாளரும் மோட்டார் சைக்கிளும் அரிசி மூட்டைகள் மேல் ஏறிப் பசறைக் கடைவீதிக்குள் நுழைந்தோம். செல்லையா வட்டிலப்பக் கிண்ணத்தோடு எழுந்து நின்றார்.

"என்னாச்சுங்க நானா? பின்னாலேயே வர்றீங்கன்னுல நெனச்சோம்."

"உங்கட எஞ்சின் சத்தத்தக் கேட்டுட்டு வந்தன் தம்பி. நல்ல சத்தம்," என்றார் நானா. "சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

சங்கம் பிழைத்தது. இளைஞர்கள் இன்னும் பலரைக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக் கூட்டத்தில் பழைய விதியைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று நான் பிரேரித்தேன். வாழ்நாளில் எந்த ஒழுங்குமுறையையும் மதிக்காத நானா, தலைவர் ஆசனத்திலிருந்து என்னைப் பார்த்தார்.

"முன்னறிவித்தல் குடுத்தீங்களா, கிளாக்கர் தம்பி?"

"இல்லை."

"அப்ப ஏலாது. அடுத்த விஷயம்."

விதி வந்தால் பிள்ளைகள் போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அதன் பிறகு அவர் எல்லாக் கூட்டங்களுக்கும் வந்தார். எந்தப் பயணத்துக்கும் வரவில்லை. ஞாயிறு காலையில் கடை வாசலில் நின்று, வரிசையாகப் போகும் வண்டிகளுக்குக் கையசைப்பார். தோளில் பெல்ட் இருக்கும். கடைசி வண்டியின் சத்தம் அடங்கும்வரை உள்ளே போகமாட்டார்.

அவர் போய் நெடுங்காலம் ஆகிறது. இப்போது பசறைக்கு பஸ்ஸில்தான் போகிறேன். வழியில் ஏதாவது வண்டி பழுதாகி நின்றிருந்தால் மணியை அடித்து பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுகிறேன். கண்டக்டர்களுக்கு நான் பழகிவிட்டேன். கிழவருக்கு ஏதோ கோளாறு என்று பேசிக்கொள்கிறார்கள். வண்டியைத் தள்ள எனக்குத் தெம்பில்லை. பக்கத்தில் நிற்கத் தெம்பு இருக்கிறது.