தொந்தியப்பன் சொன்னால் தப்பாகத்தான் இருக்கும்

ஒரு காட்டில், ஓடைக்கரையில் திரை கட்டிப் படம் போடும் பழக்கம் வந்த நாள் முதல், அத்தனை விலங்குகளுக்கும் ஒரே பைத்தியம்: துப்பறியும் கூர்விழியார். கதைகளில் மட்டுமே வாழ்ந்தவர் அவர். தும்மல் சத்தத்தை வைத்தே தும்மியவரின் மாமியார் ஊரைச் சொல்லிவிடுவார். அவருக்குத் தொந்தியப்பன் என்று ஓர் உதவியாளர். ஒவ்வொரு கதையிலும் தப்பான ஆளைக் கைகாட்டுவதுதான் தொந்தியப்பனின் வேலை.

முதல் படத்தில் அந்தத் தொந்தியப்பனாக நடித்தவர் பெருச்சாளி சிகாமணி. படம் வந்து பல வருஷமாகியும் அவர் கடைத்தெருப் பக்கம் தலைகாட்டினால் போதும், யாராவது முதுகில் தட்டி, "என்ன தொந்தி, இன்னைக்கு யாரை மாட்டிவிடப் போறே?" என்பார்கள். சிகாமணி சிரித்துவைப்பார். பிறகு வளைக்குத் திரும்பி வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருக்கும் மூளை உண்டு என்று சொல்ல அந்தக் காட்டில் ஒரு ஜீவன் இல்லை.

இதற்குள் கூர்விழியார் கதையை இன்னும் இரண்டு முறை எடுத்துவிட்டார்கள். டிவி சீரியலில் சிறுத்தை நடித்தார். அதில் தொந்தியப்பனாக வந்த குரங்கு, குற்றவாளியைத் தேடியதைவிட அம்மாவை நினைத்து அழுததுதான் அதிகம். இப்போது செல்போனில் ஓடும் தொடரில் வௌவால்தான் கூர்விழியார். தலைகீழாகத் தொங்கியபடி மழையைப் பார்ப்பார், பேசமாட்டார். தொந்தியப்பனாக ஓர் அணில், தொந்தியே கிடையாது. ஆள் மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. தொந்தியப்பன் சொன்னால் அது தப்பு.

"எந்த ஜோடி சிறந்த ஜோடி?" என்று முடிவுகட்ட ரசிகர்கள் ஒருநாள் காலையில் ஆலமரத்தடியில் கூடினார்கள். முதல் படத்தின் கூர்விழியாரான மயில் அழகேசன் சிறப்பு விருந்தினர். சிகாமணிக்கும் ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவர், சாரைப்பாம்பு நெளிவேந்தர்.

"எங்க மயிலு தோகையை விரிச்சு, 'குற்றவாளியே, வெளியே வா!'ன்னு ஒரு வசனம் விட்டா, குத்தம் செய்யாதவன்கூட வந்து நிப்பான்!" என்றது முயல்.

"அது நடிப்பா? மிரட்டல்! எங்க வௌவாலு கண்ணாலயே பேசும்," என்றது நரி.

"அதுக்குக் கண்ணே சரியாத் தெரியாதேய்யா!"

கைகலப்பு ஆகும்போல இருந்ததால் தேநீர் இடைவேளை விட்டார்கள். எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்த நேரத்தில், காட்டுக்கோழி மரகதவல்லி அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, என் மூணு முட்டையையும் காணோம்! ஸ்டேஷனுக்குப் போனேன். கரடி ஏட்டு ஃபாரத்தை நீட்டி, முட்டையோட பிறந்த தேதி கேட்டாரு. இன்னும் பிறக்கலையேன்னேன். பிறக்காதவங்க காணாமப் போக முடியாது, பொரிஞ்சப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டாரு!"

கூட்டத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்த வழக்கைச் சிறுத்தை எப்படித் துப்பறிவார், வௌவால் எப்படித் துப்பறிவார் என்று புதிதாக ஒரு விவாதம் கிளம்பியது. அழகேசன் தோகையை விரித்துப் போட்டோவுக்கு நின்றார். மரகதவல்லியின் அழுகை யார் காதிலும் விழவில்லை.

சிகாமணி மட்டும் நடுவரைப் பார்த்தார். காலையில் மாலை போட்டபோது கயிறு மாதிரி இருந்த உடம்பு. இப்போது அதில் வரிசையாக மூன்று மேடு. உதட்டோரம் ஒரு கோழி இறகு.

சாரைக்குப் பெருச்சாளியும் சாப்பாடுதான். ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்த முட்டைகள் மிஞ்சாது. சிகாமணி நாற்காலிமேல் ஏறி நின்று கைநீட்டிக் கத்திவிட்டார்.

"நடுவர்தான் எடுத்தாரு! அவர் வயித்தைப் பாருங்க!"

உடனே விசில் பறந்தது. "அதே குரல்டா! அதே கை!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

அழகேசன் கழுத்தை வளைத்துச் சிரித்தார். "நெளிவேந்தர் ஐயா, உங்க மேல இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துச்சு. தொந்தியப்பன் கைகாட்டினா அந்த ஆள் நிரபராதி."

நடுவர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். பிறகு சிகாமணியைப் பார்த்து நாக்கை நீட்டினார். "கூட்டம் முடியட்டும். நாம தனியா பேசுவோம்."

ஓடிவிடலாமா என்று நினைத்தார் சிகாமணி. மரகதவல்லி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பயத்தையும் மீறிக் கோபம் வந்தது. 'நான் தப்பாத்தானே சொல்லணும்? சொல்றேன்.'

மேடைக்கு நடந்துபோய் நடுவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எல்லாரும் மன்னிக்கணும், உளறிட்டேன். நடுவர் ஐயா உத்தமர். முட்டைன்னா என்னன்னே அவருக்குத் தெரியாது. அந்த மூணு மேடும் வெறும் வாயுக்கோளாறு."

முயல் துள்ளி எழுந்தது. "தொந்தியப்பன் உத்தமர்னு சொல்லிட்டாரு!"

"அப்ப திருடன் இவன்தான்டா!" என்றது நரி.

அதுவரை அடித்துக்கொண்ட ரசிகர்கள் ஒன்றாகப் பாய்ந்து நடுவரை வாலைப் பிடித்துத் தூக்கினார்கள். "விடுங்கடா! வாயுன்னு அவரே சொன்னாரே!" என்று அலறினார் நெளிவேந்தர்.

"அவர் சொன்னதாலதான்யா பிடிக்கிறோம்!"

உலுக்கிய உலுக்கில், சிகாமணி விரித்துப் பிடித்த துண்டில் ஒன்று, இரண்டு, மூன்று என முட்டைகள் விழுந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. மரகதவல்லி துண்டைத் தரையில் விரித்து அங்கேயே அடைகாக்க உட்கார்ந்துவிட்டாள்.

வழக்கைத் துப்பறிந்ததற்காக மயிலுக்கு மாலை விழுந்தது. சிகாமணிக்கு, 'ஒருமுறைகூடச் சரியாகச் சொல்லாத மாமேதை' என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள்.

கூட்டம் கலைந்ததும் மரகதவல்லி கூப்பிட்டாள். "அண்ணே, நீங்க முதல்லயே சரியாத்தானே சொன்னீங்க?"

சிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அதைச் சொன்ன முதல் ஜீவன். ஆனாலும் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசும்மா. வெளியே தெரிஞ்சா, அடுத்த தடவை நான் சொல்றதை எவன் கேப்பான்?"

நீதி: உண்மையை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், எப்போதும் தப்பாகவே பேசுவார் என்று பேரெடுத்த ஒருவரைப் பிடித்து, அதை மறுக்கச் சொல்லுங்கள்.